பல் படும், எச்சில் படாது

"பல் படும், எச்சில் படாது. ஒருத்தர் கடிப்பாங்க, ரெண்டு பேர் தின்பாங்க. அது என்ன?" நீங்களும் யோசித்துப் பாருங்கள், எனக்கு விடை தெரியவில்லை. கேட்டவள் என் மகள் தனு, மூன்றாம் வகுப்பு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தரைக்கு எட்டாத காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா வசந்தமணிக்குக் கம்பெனியில் இன்று லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை என்பதால் இவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அதனால் என்னோடு இந்த லேபுக்கு வந்திருக்கிறாள். "கண்டுபிடிங்கப்பா." கண்டுபிடிக்கிறேன் சாமி, கொஞ்சம் இரு. பல் படும், எச்சில் படாது. பல்லும் எச்சிலும் ஒரே வாய்க்குள்தானே இருக்கின்றன, ஒன்று பட்டு இன்னொன்று எப்படிப் படாமல் போகும். என் வாயில் இப்போது எச்சிலே இல்லை. நேற்று ராத்திரி சாப்பிட்டதோடு சரி, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை. வந்ததும் ஒரு பையைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள், ஊதினேன். பிறகு ஒரு டம்ளரில் புளிப்பாக ஏதோ கொடுத்தார்கள், குடித்தேன். "இங்கயே உக்காருங்க, அங்கிட்டு இங்கிட்டு நடக்கக் கூடாது, எதையும் வாயில போடக் கூடாது. அரை மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுவேன், இன்னொரு பையில ஊதணும்" என்றார் சிஸ்டர். ரெண்டாவது மூச்சில்தான் விஷயம் இருக்கிறதாம். எனக்குப் புண்ணைக் கொடுத்த கிருமி வயிற்றில் இன்னும் இருந்தால், இப்போது குடித்ததை அது உடைக்கும். உடைத்தால் ஒரு காற்று வரும். அந்தக் காற்று ரத்தத்தில் கலந்து, நெஞ்சுக்கு ஏறி, மூச்சில் வெளியே வரும். அதை மெஷின் கண்டுபிடித்துவிடும். கிருமி செத்திருந்தால் ஒன்றும் வராது. இவ்வளவுதான். கேட்கும்போது நன்றாகப் புரிந்தது, இங்கே வந்து உட்கார்ந்த பிறகு புரியவில்லை. உள்ளே அது உடைத்துக்கொண்டிருந்தால் எனக்குத் தெரிய வேண்டாமா? வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறேன். சும்மா இருக்கிறது. சும்மா இருப்பது நல்லதா கெட்டதா? எரிந்த காலத்திலாவது எரிகிறது என்று தெரிந்தது. "அப்பா, வயித்தத் தடவாதீங்க, விடுகதைய யோசிங்க." சீப்பு, என்றேன். சீப்புக்குப் பல் உண்டு, எச்சில் கிடையாது. தனு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சீப்ப யாராச்சும் தின்பாங்களாப்பா? ரெண்டு பேர் தின்பாங்கன்னு சொன்னனில்ல." அதுவும் சரிதான்.

சாதாரணம் என்றுதான் டாக்டர் சொன்னார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, புண் இருக்கிறது, கிருமியும் இருக்கிறது, பைலோரி என்று பெயர் என்றவர், என் முகத்தைப் பார்த்ததும், "பயப்படாதீங்க ரங்கராசு, இது ரொம்ப சாதாரணம், நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு மேல இருக்கும்" என்றார். அந்தப் பாதிப் பேர் யார் என்றுதான் அன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் பார்க்கிறேன், கம்பெனி வாசலில் டீ குடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். எதிரே இருக்கும் பெஞ்சில் இப்போது நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ரெண்டு பேருக்கு இருக்க வேண்டும். அந்தப் பச்சைப் புடவை அம்மாவுக்கா, போனில் ஏதோ பார்த்துச் சிரிக்கிற பையனுக்கா? இருந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. முக்கால்வாசிப் பேருக்கு அது ஒன்றும் செய்வதில்லையாம், சாகிறவரை சும்மா உள்ளே இருக்குமாம். சில பேருக்குப் புண். வெகு சில பேருக்கு, என்று சொல்லி டாக்டர் பேனாவை மூடினார். அந்த வெகு சில பேரில் ஒருத்தரை எனக்குத் தெரியும். அதை நான் அவரிடம் சொன்னேன், எங்கப்பா வயித்துல கட்டி வந்து போயிட்டாருங்க என்று. அவர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். "அப்ப கண்டிப்பா மருந்து முடிச்சு, செத்திருச்சான்னு திரும்பப் பாத்துரணும்" என்றார். சாதாரணம் என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. சாதாரணமானதை எதற்குத் திரும்பப் பார்க்க வேண்டும்? பாதி ஊருக்கு இருக்கிறதை எனக்கு மட்டும் எதற்குக் கொல்ல வேண்டும்? பதினாலு நாள் மாத்திரை, வேளைக்கு ஒரு கை நிறைய, வாயெல்லாம் இரும்புக் கசப்பு. சாப்பிட்டு முடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எப்படி வந்ததுங்க டாக்டர், என்று கேட்டேன். பெரும்பாலும் சின்ன வயசிலேயே வந்துவிடுமாம், வீட்டில் இருக்கிறவர்களிடமிருந்தே. ஒரே அறையில் நிறையப் பேர் இருந்தால், தண்ணீர் சுத்தமில்லாவிட்டால், கக்கூஸ் சரியில்லாவிட்டால், வாந்தியில், எச்சிலில். "துல்லியமா எப்படின்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாதுங்க" என்றார். படித்த டாக்டருக்கே முழுசாகத் தெரியாததைப் பனியன் கம்பெனி செக்கிங் ஆள் எப்படித் தெரிந்துகொள்வது. ஆனால் எனக்கு ஒரு வார்த்தை பிடிபட்டுவிட்டது. எச்சில். அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் டம்ளரையும் தட்டையும் தனியாக எடுத்து வைத்தேன். அடையாளம் வேண்டுமே, எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர். கம்பெனிக்குக் கொண்டுபோகும் என் பையில் ஆரோ ஸ்டிக்கர் இருந்தது. செக்கிங் டேபிளில் துணியை விரித்து, டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்துக்கொண்டே வருவோம். ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால், அதற்கு நேராக அம்பு போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவோம். அதில் ஒன்றை உரித்து டம்ளரில் ஒட்டினேன், ஒன்றைத் தட்டின் அடியில் ஒட்டினேன். தனு அதைப் பார்த்துவிட்டு, "அப்பா டம்ளரு டேமேஜ் பீஸாம்மா?" என்று கேட்டாள். வசந்தமணி சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "ஏனுங்க, டாக்டரு தட்டெல்லாம் தனியா வைக்கச் சொன்னாரா?" சொல்லவில்லை. வைக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கழுவி வைத்த தட்டில் ஒன்றும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நினைப்பை நம்பி எப்படி இருப்பது. தண்ணீர் பட்டு ஸ்டிக்கர் விழும். நான் இன்னொன்று ஒட்டுவேன். அதற்கு முன்னால் ராத்திரிச் சாப்பாடு எங்களுக்கு ஒரே தட்டில். நான் பிசைவேன், எனக்கு ஒரு வாய், தனுவுக்கு ஒரு உருண்டை. என் விரல் என் வாய்க்குள் போகும், பிறகு அவள் வாய்க்குள் போகும். எட்டு வருஷம். யாரும் அதை எச்சில் என்று நினைத்ததே இல்லை. இப்போது அவள் தனியாக, கரண்டியில் சாப்பிடுகிறாள். பாதிச் சோறு மிச்சம் வைக்கிறாள். "செத்துப்போச்சுன்னு சொல்லிட்டா மறுபடியும் ஒரே தட்டாப்பா?" ஆமாம் சாமி. "சத்தியமா?" சத்தியமா. அதனால்தான் இன்று புத்தகக் கண்காட்சியைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் கூடவே வந்திருக்கிறாள். என் வயிற்றை மட்டும் பார்க்க வரவில்லை, அவள் தட்டையும் பார்க்க வந்திருக்கிறாள்.

எச்சில் எனக்குத் தெரியாத விஷயமா என்ன. நாங்கள் இருந்தது லைன் வீடு, ஓர் அறை, எட்டுப் பேர், அடுப்பும் அதே அறையில். வாசலில் பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய், கடைசியில் ரெண்டு கக்கூஸ். அறை மூலையில் ஒரு பானை, மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் ஒரு டம்ளர். அந்த ஒரு டம்ளரில்தான் எல்லோரும் குடிப்போம். ஆனால் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும், உதடு படக் கூடாது. பட்டால் அம்மா தலையில் கொட்டுவாள். சட்டை நனைய நனையக் குடித்துப் பழகினேன். என் வயதில் அப்படி ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் குடிக்கிறவன் அந்த லைனில் யாரும் இல்லை. அப்படியும் வந்திருக்கிறது. டம்ளரில் எங்கள் உதடு படவில்லை, சரி. அதே டம்ளரைப் பானைக்குள் விட்டு மொள்ளும்போது கை பட்டதே, ஐந்து விரலும் தண்ணீருக்குள் போனதே. கக்கூஸ் போய்விட்டு வந்த கை, மூக்கைத் துடைத்த கை, எட்டுப் பேர் கை. உதட்டுக்குக் காவல் வைத்தோம், கைக்கு வைக்கவில்லை. இதை நினைத்தால் நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு கதவை மட்டும் பூட்டிவிட்டு, சுவரே இல்லாத வீட்டில் தூங்கியது போல இருக்கிறது. அண்ணாந்து குடிப்பதில் அப்பா ரொம்பக் கண்டிப்பு. டீக்கடை கிளாஸைக்கூட அவர் வாய் வைத்துக் குடிக்க மாட்டார். அதற்குக் காரணம் வேறு. சின்ன வயதில் அவர் ஊரில் அவருக்கும் அவர் சனத்துக்கும் தனி கிளாஸ், கடைக்குப் பின்னால் கம்பியில் தொங்கும். தானே எடுத்து, குடித்து, தானே கழுவித் தொங்கவிட வேண்டும். டவுனுக்கு வந்து சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எல்லோருக்கும் ஒரே கிளாஸ்தான், ஆனால் அவர் கை பழக்கத்தில் டீயை ஆற்றி, அண்ணாந்து, தொண்டையில் ஊற்றிக்கொள்ளும். சூடு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வரும். வாய் வெச்சுக் குடிங்கப்பா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, என்று நான் ஒருமுறை சொன்னேன். "தெரியும்டா" என்றார், மறுபடியும் அண்ணாந்தார். அவர் எச்சிலைப் பார்த்து ஊர் பயந்தது, நான் என் எச்சிலைப் பார்த்து நானே பயப்படுகிறேன். ரெண்டும் ஒன்றா? ஒன்றில்லை. ஒன்று அவமானம், இன்னொன்று ஜாக்கிரதை. அப்படியானால் அம்பு ஒட்டின என் டம்ளரை அலமாரியில் தனியாகப் பார்க்கும்போது ஏன் அந்தக் கம்பி ஞாபகம் வருகிறது? அந்தக் கம்பியை நான் கண்ணால் பார்த்ததேயில்லையே. அப்பாவுக்கு எப்போதும் நெஞ்சு எரியும். ராத்திரி சோடா வாங்கி வரச் சொல்வார். நான் ஓடுவேன், ஒரு வாய் எனக்கு மிச்சம் வைப்பார். அந்த ஒரு வாய்க்காகத்தான் ஓடுவேன். பாட்டிலில் வாய் வைத்தா அவர் குடித்தார்? சோடாவை அண்ணாந்து குடிக்க முடியாது, பொங்கும். வாய் வைத்துத்தான் குடித்திருப்பார். அப்படியானால் அதிலா? அல்லது தம்பி வாந்தி எடுத்ததை நான் வழித்துப் போட்டேனே, அதிலா? பானையிலா? குழாயிலா? சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றில் சிவப்பும் நீலமுமாகப் போகும். நாங்கள் அதைக் குடிக்கவில்லை, ஆனால் குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும். அப்பா கொடுத்தாரா, அப்பாவுக்கு நான் கொடுத்தேனா? பிள்ளையிடமிருந்து அப்பாவுக்கும் போகும்தானே. இது புதிதாகத் தோன்றுகிறது, இவ்வளவு நாள் இதை நினைக்கவில்லை. வேண்டாம். டாக்டர் சின்ன வயசிலேயே வந்துவிடும் என்றார், அப்பாவுக்கு அப்பாவின் சின்ன வயசில் வந்திருக்கும். நான் பிறப்பதற்கு முன்பே. அப்படித்தான் இருக்க வேண்டும். துணியில் ஒரு ஓட்டை இருந்தால் மெஷின் எது, ஷிப்ட் எது, ஓட்டினவன் யார் என்று பின்னாலேயே போய்க் கண்டுபிடித்துவிடுவோம். இதில் பின்னால் போகப் போக லைன் வீடு வருகிறது, அதற்குப் பின்னால் அப்பா ஊர் வருகிறது, அதற்குப் பின்னால் யாரோ தெரியாதவர்கள் ஒரு குடத்தில் கை விட்டு மொண்டுகொண்டிருக்கிறார்கள்.

"ரம்பம்னு சொல்லாதீங்க, எலின்னும் சொல்லாதீங்க" என்கிறாள் தனு. எனக்கு அந்த ரெண்டும் தோன்றவேயில்லை. "ஒரு க்ளூ தரட்டுமா? உங்களுக்குத் தெரிஞ்சதுதான். நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க." நான் அவளுக்கு என்னென்ன சொல்லிக் கொடுத்தேன்? செருப்புப் போட, மணி பார்க்க, சைக்கிள் விட. என்னென்ன கொடுத்தேன் என்றுதான் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பல் முளைக்காத வயதில் முறுக்குக்கு அழுவாள். நான் மென்று, கூழாக்கி, விரலில் எடுத்து அவள் நாக்கில் தடவுவேன். கையைத் தட்டிச் சிரிப்பாள். அப்போதே எனக்கு நெஞ்செரிச்சல் இருந்ததா? டீ ஜாஸ்தி, நைட் ஷிப்ட், அதனால் என்று நினைத்துக்கொண்டேன். போன மாதத்திலிருந்து தனு காலையில் வயிற்று வலி என்கிறாள். தொப்புளுக்கு மேலே, என்கிறாள். திங்கட்கிழமை வருகிறது, சனிக்கிழமை வருவதில்லை. கணக்குப் பாடம் இருக்கிற நாளில் வருகிறது என்கிறாள் வசந்தமணி. இருக்கலாம். கணக்குக்கு வயிறு வலிக்கும், எனக்கும் வலித்திருக்கிறது. ஆனால் எனக்கு வலித்தது கணக்காலா? டாக்டரிடம் கேட்டேன், பாப்பாவுக்கும் ஊதிப் பாத்துரலாங்களா என்று. "சும்மா எல்லாக் குழந்தைக்கும் பாக்குறதில்லைங்க. வலி விடாம இருந்தா, எடை குறைஞ்சா, ராத்திரி வலியில எழுந்தா கூட்டிட்டு வாங்க, அப்ப யோசிக்கலாம்" என்றார். ராத்திரி அவள் எழுந்ததில்லை. நான்தான் எழுந்து எழுந்து அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். இப்போதும் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்து விளையாட்டு டீ-சர்ட், மஞ்சள், எங்கள் கம்பெனித் துணியில்லை, கழுத்தருகே தையல் விட்டுப்போயிருக்கிறது. அவள் பையில் கை விட்டு எதையோ உருட்டுகிறாள், காகிதம் சரசரக்கிறது. சிஸ்டர் அந்த வழியாகப் போனார். தனு நாற்காலியிலிருந்து இறங்கி நேராக அவர் முன்னால் போய் நின்றாள். "சிஸ்டர், எங்கப்பா கடிச்சத நான் தின்னா எனக்கு வருமா?" எதிர் பெஞ்சில் பச்சைப் புடவை அம்மா திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மிணி, இங்க வா, என்றேன். அவள் வரவில்லை. சிஸ்டர் குனிந்து, "உங்கப்பா வயித்துல இருந்தா வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் கண்ணு" என்றார். "அப்ப நான் கடிச்சத எங்கப்பா தின்னா?" "உனக்கு இல்லைன்னா உன்கிட்டருந்து அவருக்கு என்ன போகப்போகுது?" "எனக்கு இருந்துச்சுன்னா?" சிஸ்டர் நிமிர்ந்தார். "நல்லா வக்கீல் மாதிரி கேக்குறடி" என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். தனு திரும்பி வந்து உட்கார்ந்தாள், காலை ஆட்டவில்லை. எனக்கு இருந்துச்சுன்னா. இந்தக் கேள்வியை நான் அவள் தூங்கும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறேன், அதுவும் வாய்க்குள். யார் சொன்னார்கள் இவளுக்கு? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டம்ளர் சொல்லியிருக்கும்.

"ரங்கராசு!" என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனேன், தனுவும் கூடவே வந்தாள். சிஸ்டர் பையை நீட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து நிதானமாக விடச் சொன்னார். இழுத்தேன். இந்த மூச்சுக்குள் அது இருக்கிறதா? இருந்தால் இதே மூச்சைத்தானே இவ்வளவு நேரம் தனுவின் தலைக்கு மேல் விட்டுக்கொண்டிருந்தேன். மூச்சில் கிருமி வராது, காற்றுதான் வரும், மூச்சால் பரவாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். தெரியும். தெரிந்தும் முகத்தைத் தனு இல்லாத பக்கம் திருப்பிக்கொண்டு ஊதினேன். பை உப்பியது. அதில் ஒன்றும் தெரியவில்லை, பலூன் மாதிரி இருந்தது. சிஸ்டர் மூடியைப் போட்டு, என் பெயர் எழுதின ஸ்டிக்கரை ஒட்டினார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரிசல்ட். இனி சாப்பிடலாம்." அவ்வளவுதானா? அவ்வளவுதான். அரை மணி நேரமாக என்னவோ நடக்கப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன், நடந்தது ஒரு மூச்சு. இனி அஞ்சு மணி வரைக்கும் எனக்கு இருக்கிறது, எனக்கு இல்லை, ரெண்டும். வெளியே வெயில். லேப் வாசல் படியில் வேப்ப மர நிழல் கொஞ்சம் விழுந்திருந்தது, அங்கே உட்கார்ந்தோம். பசியில் கண் லேசாக இருட்டியது. "பாவம், ஒண்ணுமே திங்கல நீங்க" என்று சொல்லித் தனு பையிலிருந்து கையை வெளியே எடுத்தாள். ஒரே ஒரு கமர்கட்டு, உருட்டி உருட்டிக் காகிதம் பிசுபிசுத்திருந்தது. "விடை சொல்லிரட்டுமா? தோத்துட்டேன்னு சொல்லுங்க." தோத்துட்டேன் சாமி. "காக்காக் கடிப்பா! மிட்டாய சட்டைக்குள்ள வெச்சு, துணிமேல கடிச்சு உடைச்சு, பாதிப் பாதி. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, எச்சில் படாதுன்னு." ஆமாம். நான்தான். லைன் வீட்டில் எங்களுக்கு அது சட்டம், ஒரு மிட்டாயை நாலு பேர் அப்படித்தான் தின்றோம், சட்டை நுனியில் வெல்லக் கறையும் பல் தடமும் இல்லாத பையனே கிடையாது. துணி மறைத்தால் எச்சில் இல்லை. அதை நாங்கள் யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. தனு டீ-சர்ட்டின் ஓரத்தை இழுத்துக் கமர்கட்டைச் சுற்றினாள், வாய்க்குக் கொண்டுபோனாள், நிறுத்தினாள். "அப்பா, நெசமாவே துணி எச்சில விடாதா?" பதினெட்டு வருஷம் பனியன் துணியைக் கையில் பிடித்துப் பார்த்தவனிடம் கேட்கிறாள். வேர்வையை உறிஞ்சத்தானே அந்தத் துணியே. விடாது என்று சொல்லிவிடலாம், பாதிப் பாதி தின்றுவிட்டுப் போகலாம். "விடும் சாமி" என்றேன். "பனியன் துணி நல்லா உறிஞ்சும். நீயே முழுசாத் தின்னுரு. நான் போற வழியில பன் வாங்கிக்கறேன்." அவள் துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்ப முதல்ல நான்" என்றாள். டீ-சர்ட்டைக் கீழே இழுத்துவிட்டாள். கமர்கட்டைத் துணியில்லாமல் வாயில் வைத்துக் கடித்தாள். ரெண்டாக உடைந்தது. பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள்.